தவிட்டுக்கு வாங்கிய மகளைத் திருப்பிக் கேட்கிறார்கள்

கட்டுகஸ்தோட்டை,
டிசம்பர் 31.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மச்சான் ராஜரத்தினம் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை சீதாவின் கணவனும், முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனும், இந்நாள் முழுநேரத் தேங்காய் துருவியுமாகிய சண்முகநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே கொழும்பில், மகள் வீட்டில், புது முழங்கால் பூட்டிக்கொண்டு படுத்திருக்கும் தாங்களும் சுகமாக இருக்க முருகன் துணை இருப்பானாக. பழைய முழங்காலை டாக்டர் என்ன செய்தார் என்று சீதா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், பதில் வேண்டியதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நான் போனில் பேச ஆரம்பித்தால் நீங்கள் ‘ம்… ம்…’ என்று சொல்லிக்கொண்டே டி.வி.யில் கிரிக்கெட் பார்ப்பது எனக்குத் தெரியாதா? போன மாதம் என் பிரஷர் ஏறிவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ‘அவுட்!’ என்று கத்தினீர்கள். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு சரியில்லை. அதனால்தான் கடிதம்.

என்னுடைய சிலேடைப் பழக்கம் தாங்கள் அறிந்தது. தங்கள் தங்கைக்கு அது பிடிக்காது என்பதும் தாங்கள் அறிந்தது. போன தைப்பொங்கலன்று அவள் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். நான் ஒரு சிலேடை சொன்னால் ஒரு தேங்காய் துருவிக் கொடுக்கவேண்டும். ‘தேங்காய் விற்கிற விலையில் இது யாருக்குத் தண்டனை?’ என்று கேட்டேன், எதிர்த்துப் பேசியதற்கு அரைமூடி கூட்டிவிட்டாள். சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தவர்களிடம் ‘இந்த ஆண்டு என்னை ஆண்டு கொண்டிருப்பது சீதாதான்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அதற்கு ஒன்று. சொல்லாமல் இருக்கலாம்தான். ஆனால் மச்சான், ஒரு சொல் இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு ‘வா வா’ என்று கூப்பிடும்போது எப்படி உள்ளே போகாமல் இருப்பது? இப்போது எங்கள் வீட்டில் காலையில் சம்பல், பகலில் சம்பல், இரவில் சம்பல். மிஞ்சுவது பக்கத்து வீட்டு ஹமீட் நானாவுக்குப் போகிறது. அவரும் போன கிழமை ‘முதலியார், கொஞ்சம் வாய அடக்குங்களே, எங்கூட்டுலயும் திண்டு முடியல்ல’ என்று கெஞ்சினார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பவனை முதலியார் என்று கூப்பிடுவது இந்த ஊர்ப் பழக்கம், ரிட்டயர் ஆனாலும் விடமாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீதி கேட்டு வருகிறேன்.

வழக்கின் வரலாறு தங்களுக்குத் தெரியும், முன்னின்று நடத்தியதே தாங்கள்தான். ஆனாலும் வழக்கு என்றால் முதலிலிருந்து சொல்லவேண்டும், அது என் தொழில் புத்தி. பாலத்துக்குக் கிட்ட ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் வீரசிங்கத்துக்குச் சிந்துஜா பிறந்தாளே, அப்போது சாதகம் பார்த்தவர், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தகப்பனுக்குத்தான் கண்டம், பிள்ளை வேறொருவர் பிள்ளையாக இருந்தால் தோஷம் விலகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீரசிங்கம் பயத்தில் சாப்பாட்டையே விட்டுவிட்டான். கண்டம் வந்து சேருவதற்குள் பட்டினியிலேயே போய்விடுவான் போலிருந்தது. தாங்கள்தான் வந்து, ‘நம்ம ஆளுங்க வழக்கம் ஒன்னு இருக்கே, புள்ளைய தவிட்டுக்கு வித்துடு’ என்றீர்கள். வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை, பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது பக்கத்திலேயே இருந்தது. ஒரு சுளகு தவிட்டை நான் வீரசிங்கத்தின் மனைவி சரோஜாவின் மடியில் கொட்டினேன். அவள் அழுதுகொண்டே பிள்ளையைச் சீதாவின் மடியில் போட்டாள். ‘வளர்றது பெத்த வீட்டுல, பேருக்கு சண்முகம் புள்ள. கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னால இதே மாதிரி ஒரு சுளகு தவிடு குடுத்துத் திருப்பி வாங்கிக்கங்க’ என்று தாங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டு வடை சாப்பிடப் போனீர்கள். அந்த வடை நேரத்தில் எனக்கு என்ன நடந்தது என்று தாங்கள் பார்க்கவில்லை. அந்தச் சின்னது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பேருக்குத்தான் பிள்ளை என்றீர்கள். அந்தப் பேர் என்ன பேர் தெரியுமா? வாய் பேச ஆரம்பித்ததும் அவளாகவே எனக்கு வைத்த பேர், தவிட்டப்பா. அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தவிட்டப்பா. கண்டிக்கு டியூஷன் போகும்போது பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று அவளுக்கு சீட் பிடித்தது தவிட்டப்பா. பள்ளிக்கூடத்துப் பரிசளிப்புக்கு அவள் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், ‘டீச்சர், இது எங்கப்பா, இது எங்க தவிட்டப்பா’ என்று அறிமுகம் செய்வாள். புதிதாக வந்த டீச்சர்மார் ஒரு மாதிரி முழிப்பார்கள். வீரசிங்கம் வெட்கத்தில் கூரையைப் பார்ப்பான். நான் மட்டும் தகப்பன்மார் வரிசையில் முதல் கதிரையில் போய் உட்கார்ந்துகொள்வேன். இன்றைக்கு அவள் கறுப்புக் கோட்டுப் போட்ட லாயர். நான் வருடக்கணக்காக ஓரத்தில் நின்ற கோர்ட்டில் அவள் நடுவில் நிற்கிறாள்.

வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யுகேஷ், பேராதனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், தங்கமான பையன். ‘எல்லாரையும் ஊடுருவிப் பார்க்கிற மாப்பிள்ளை’ என்றேன், அதற்கு ஒரு தேங்காய் போனது. கல்யாணம் என்றால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது? வீரசிங்கம் தான்தான் கொடுக்கவேண்டும் என்று பட்டுவேட்டி எடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறான். நியாயம்தான், பெற்றவன். ஆனால் தாங்கள் அன்று சொன்னபடி திருப்பி வாங்கினால்தானே அவன் கொடுக்கலாம்? அதற்காகக் கார்த்திகையிலேயே தவிட்டோடு வர ஆரம்பித்துவிட்டான். இங்கேதான் மச்சான் என் கஷ்டம் தொடங்குகிறது.

முதல் தடவை அவனும் சரோஜாவும் தாம்பாளம், வெற்றிலை, வாழைப்பழம், ஒரு சுளகு தவிடு என்று முறையாக வந்தார்கள். சுளகை வாங்கிப் பார்த்தேன். மீன் வாடை. இந்தக் காலத்தில் டவுனில் சுத்தமான தவிடு எங்கே கிடைக்கிறது, கோழித்தீனிக் கடையில் ஏதோ ஒரு கலவையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ‘நான் குடுத்தது நயமான அரிசித் தவிடு. இது கோழிக்குப் போடுறது. என் மக என்ன கோழிக்குஞ்சா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ ரெண்டு பூனை வந்து சரோஜாவின் சேலையைச் சுற்ற ஆரம்பித்தன. அவள் ‘ஐயோ சூ, சூ’ என்று தாம்பாளத்தைத் தூக்க, வாழைப்பழம் ஒரு பக்கம், வெற்றிலை ஒரு பக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிய சரோஜாவையும் அவனையும் நான் வாசல் வரை வந்து மரியாதையாக வழியனுப்பி வைத்தேன். உள்ளே வந்து சீதாவிடம், ‘திருப்பி வாங்க வந்தாங்க, திரும்பி வாங்கன்னு அனுப்பிட்டேன்’ என்றேன். மச்சான், இந்த வருடத்தில் நான் சொன்னதிலேயே நல்லது அதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. சீதா ரெண்டு தேங்காயை எடுத்து வைத்தாள். ஒன்று சிலேடைக்கு, மற்றது சரோஜாவை அழவைத்ததற்கு.

ரெண்டாம் தடவை வீரசிங்கம் பிடிவாதமாகத் தெல்தெனியப் பக்கம் ஒரு மில்லுக்கே போய், மூட்டையாகத் தவிடு வாங்கிப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறான். வளைவில் பஸ் ஒரு வெட்டு வெட்ட, மூட்டை வாய் பிரிந்து பஸ் முழுக்கத் தவிடு. ஜன்னல் வேறு திறந்து கிடந்திருக்கிறது, பிறகு கேட்கவேண்டுமா? டிரைவரிலிருந்து பின்சீட்டுப் பிக்கு வரைக்கும் தும்மல். கண்டக்டர் சிங்களத்தில் ஏதேதோ கேட்டாராம். ‘மகளைத் திருப்பி வாங்கக் கொண்டு போறேன்’ என்று இவன் உண்மையையே சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு கண்டி வரும்வரைக்கும் இவன் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லையாம். வந்து நின்றபோது புருவம், மீசை, காது மடல் எல்லாம் தவிடு. மூட்டையில் பாதிகூட இல்லை. நான் சுளகில் கொட்டிப் பார்த்து, ‘தலை தட்டவில்லை, குறை அளவு’ என்றேன்.

‘நீ என்னா, மில் இன்ஸ்பெக்டரா?’ என்றான்.

‘சட்டம் சொல்லட்டுமா? பத்து வருசத்துக்கு மேல ஒரு காணிய ஒருத்தன் தடையில்லாம ஆண்டு அனுபவிச்சா அது அவனுக்கே சொந்தம்.’

‘எம் புள்ள காணியாடா?’ என்று அவன் கத்தினான். சிநேகிதமான நாளிலிருந்து அவன் என்னை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவன், கேட்டுக்கு வெளியே போனதும் ஆத்திரத்தில் அதைத் தொப்பென்று போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். நானும் கோபத்தில் கதவைச் சாத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹமீட் நானா வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ‘முதலியார், கோவிச்சிக்க வாணாம். ஒங்கட தவிட்ட எங்கட ஆடு திண்டுட்டு படுத்தீக்கி.’

இதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் நல்ல காரியம் செய்வதில்லை, தையில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் மார்கழி வந்ததில் என்னைப் போல் சந்தோஷப்பட்டவன் கண்டி மாவட்டத்திலேயே இருந்திருக்கமாட்டான். கிறிஸ்மஸுக்குக் கோர்ட்டில் என்னோடு வேலை பார்த்த சேவியர் வீட்டுக்குப் போனேன். அவர் ஐந்து பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். கோயிலில் சாமியார் முன்னால் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்று பொறுப்பெடுப்பார்களே, அது. அந்த ஐந்து பேரும் தாடி மீசையோடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு, கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். ‘சேவியர், ஒங்க ஆளுங்க யாராச்சும் ஞானப்பிள்ளைய திருப்பிக் கேப்பாங்களா?’ என்றேன். ‘என்னா பேசுறீங்க முதலியார், நம்மளுக்கு கவர்மெண்ட்டுல ரிட்டயர்மெண்ட் இருக்கு, ஞானத்தகப்பனுக்குக் கெடையாது’ என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவர்களுக்கு ஞானத்தகப்பன் சாகும்வரை தகப்பன். நமக்கு மட்டும் ஒரு சுளகு தவிட்டோடு கதை முடிந்துவிடுமா? இது எந்த ஊர் நியாயம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹோலிலேயே விசாரணை நடந்தது. நான் கேட்கவில்லை, சீதாதான் எல்லாரையும் கூப்பிட்டாள். கைப்பிடி வைத்த பெரிய கதிரையில் அவளே நீதிபதியாக உட்கார்ந்துகொண்டு, ‘எனக்கு அடுப்புல வேல கெடக்கு, சுருக்கா சொல்லுங்க’ என்று நீதிமன்றத்தைத் திறந்து வைத்தாள். வீரசிங்கம் எழுந்தான். ‘அக்கா, ரெண்டு தரம் கொண்டாந்தேன். ரெண்டு தரமும் நொட்ட சொன்னாரு. மிச்சத்த ஆடு தின்னுருச்சு. நான் பெத்த புள்ளைக்கு நான் எத்தன மூட்டதான் தூக்குறது?’ அடுத்து ஆட்டின் சார்பில் ஹமீட் நானா. அவர்கள் பேச்சில் அண்ணன் என்றால் நானா, அக்கா என்றால் தாத்தா. ‘வாயில்லா ஜீவன், தாத்தா. வெளிய கெடந்திச்சு, திண்டுட்டு. இப்ப பலா இல குடுத்தாலும் திண்ணுதில்ல, தவிடே கேக்குது. நான் அதுக்கெண்டு ஒரு மூட்ட வாங்கி வச்சீக்கிறன். எனக்குத்தான் நட்டம்.’ நான் எழுந்து, தவிடு என் கைக்கு வருமுன் மூன்றாம் தரப்பால் உண்ணப்பட்டபடியால் அது ஒப்படைக்கப்பட்டதாகாது என்று வாதாடினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘இப்பத்தான் இது உண்மையான வழக்காடு மன்றம், வழக்கும் இருக்கு, ஆடும் இருக்கு’ என்று சொல்லித் தொலைத்தேன். நீதிபதி சமையலறைப் பக்கம் விரலை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துச் சிந்துஜா வந்தாள், தையல்காரியிடமிருந்து கல்யாண பிளவுசை வாங்கிக்கொண்டு. ‘யாருக்காக ஆஜராகிற?’ என்று கேட்டேன். ‘எனக்காகத்தான்’ என்றாள். நான் ஆட்சேபித்தேன். காணி வழக்கில் காணி வந்து பேசியதை நான் என் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்றேன். வீரசிங்கமும் ‘அதானே’ என்றான். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது. சீதா, ‘இந்தக் காணி பேசும். நீங்க ரெண்டு பேரும் வாய மூடுங்க’ என்றாள்.

சிந்துஜா என் முன்னால் வந்து நின்றாள்.

‘தவிட்டப்பா, என்னைய எதுக்கு வாங்கினீங்க?’

‘ஒங்கப்பனுக்குக் கண்டம்னாங்க. அதுக்குத்தான்.’

‘கண்டம் போயிருச்சா?’

நான் வீரசிங்கத்தைப் பார்த்தேன். அவன் சீதா வைத்த வடையில் மூன்றாவதைக் கையில் எடுத்திருந்தான்.

‘போயிருச்சு. ஆள் நல்லாத்தான் இருக்கான்.’

‘அப்ப வாங்கின வேல முடிஞ்சிருச்சுல்ல? இன்னும் எதுக்கு என்னைய வச்சிருக்கீங்க?’

மச்சான், எத்தனையோ சாட்சிகள் குறுக்கு விசாரணையில் வாயடைத்து நின்றதைப் பார்த்தவன் நான். அன்று நானே அப்படி நின்றேன். தமிழ் வரவில்லை, சிங்களம் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. சிலேடை ஒன்றுகூட வரவில்லை என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். ‘தண்ணி குடிச்சிட்டு வாறேன்’ என்று எழுந்து போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டேன். சீதா, தீர்ப்பு ஜனவரி முதலாம் திகதி என்று சொல்லிச் சபையைக் கலைத்தாள். நாளைக்கு முதலாம் திகதி. அவள் முகத்தைப் பார்த்தால் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரும் என்று தோன்றவில்லை. ஆகவேதான் இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு மேன்முறையீடாக எழுதுகிறேன், தீர்ப்புக்கு முன்னாலேயே.

அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்கிறேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பவனுக்குத் தனக்கென்று ஒரு ‘நான்’ கிடையாது. குற்றவாளி ‘நான்தான் கோழியைத் திருடினேன்’ என்றால், நானும் சபை நடுவே நின்று ‘நான்தான் கோழியைத் திருடினேன்’ என்றுதான் சொல்லவேண்டும். எத்தனை கோழி திருடியிருப்பேன், எத்தனை வேலியைத் தள்ளிப் போட்டிருப்பேன், எத்தனை பெண்டாட்டியை விட்டு ஓடியிருப்பேன்! எல்லாம் மற்றவர்களுடைய ‘நான்’. எல்லைப் பலாமரத்துக்குச் சண்டை போட்ட ரெண்டு பேரில் தோற்றவன், நீதவானைப் பார்க்கமாட்டான், என்னைத்தான் முறைப்பான். தீர்ப்பு வந்தது என் வாயிலிருந்துதானே. ரெண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், ஆனால் தோற்றவன் தனியாகத்தான் பஸ் ஏறுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் இது என்ன நீதி என்று நினைத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவேன். இப்போது அந்தப் பஸ்ஸில் ஏறப்போவது நான். எனக்கே எனக்கென்று நான் சொல்லக்கூடியதாக இருந்தது ஒன்றுதான், ‘நான் சிந்துஜாவின் தவிட்டப்பா.’ தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பேரில் மிச்சம் என்ன இருக்கும்? கல்யாண மண்டபத்தில் வீரசிங்கம் மணவறையில் நிற்பான். நான் எந்த வரிசையில் எந்தக் கதிரையில் உட்காருவது? பக்கத்து வீட்டுக்காரர் வரிசையில், ஹமீட் நானாவுக்குப் பக்கத்திலா? இந்த ஒரு கேள்விக்குத்தான் மச்சான் என்னால் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காகத்தான் தவிட்டில் மீன் வாடை பிடித்தேன், அளவு குறை சொன்னேன், சட்டம் பேசினேன்.

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அன்று நடந்தது முற்றாக முடிந்த விற்பனை, திருப்பி வாங்கும் நிபந்தனை எதுவும் தாங்கள் சொல்லவில்லை என்று எழுதி ஒரு வரி அனுப்புங்கள். சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது, சரோஜாவுக்கும் நினைவிருக்கிறது. ஆனால் தங்களுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டது என்றால் யார் என்ன செய்ய முடியும்? தாங்கள் இந்த உதவியைச் செய்யாவிட்டால் நான் தவிடுபொடி ஆகிவிடுவேன். (இதைச் சீதா வாசித்தால் ஒரு தேங்காய். பரவாயில்லை.)

தங்கள் புது முழங்கால் பழையதைவிட நீண்ட நாள் உழைக்கட்டும், மகளுக்கும் மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வருகிற வருடம் வயிறும் மனசும் நிறையட்டும் என்று கதிர்காமத்தானைக் கும்பிட்டு முடிக்கிறேன். சீதா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

நீதியை எதிர்பார்த்திருக்கும்,
தங்கள் மைத்துனன்,
சண்முகநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். வீரசிங்கம் தனியாக வந்தான். தவிடு இல்லை, தாம்பாளம் இல்லை, வெறுங்கை. கதிரையில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. ‘சண்முகம், நான் யோசிச்சுப் பாத்தேன்’ என்றான். ‘அன்னைக்கு நீ வாங்கலன்னா நான் பயத்துலயே செத்திருப்பேன். நான் உசுரோட இருந்து அவளப் பாத்ததே ஒன்னாலதான். நீயே தார வாத்துக் குடு. எனக்கு அந்த வேட்டி இடுப்புல நிக்கவும் இல்ல.’ சொல்லிவிட்டு அழுதான். ஹார்ட்வெயார் கடைக்காரன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. ‘போடா பைத்தியக்காரா, பெத்தவன் நீ இருக்க நான் குடுக்குறதா? நீயே குடு’ என்றேன். ‘இல்ல, நீதான்.’ ‘முடியாது, நீதான்.’ இப்படியே எங்கள் சத்தம் ஏறி, முன்னைவிடப் பெரிய சண்டையாகிவிட்டது. சீதா உள்ளேயிருந்து ‘இதுக்குப் பழைய சண்டையே பரவாயில்லயே’ என்றாள்.

நான் நேரே ஹமீட் நானா வீட்டுக்கு ஓடினேன். ஆட்டுக்கு வாங்கி வைத்த மூட்டையிலிருந்து ஒரு சுளகு தவிடு கேட்டேன், கடனாக. நயமான அரிசித் தவிடு, தலை தட்டி. ‘ஆடு திண்டத ஆடே குடுக்குது, எடுங்க முதலியார்’ என்றார். மார்கழியாச்சே என்று எனக்கு நடுவழியில் நினைவு வந்தது. சீதா, ‘வாங்குறதுக்குத்தான் நாள் பாக்கணும், வச்சிருந்தத குடுக்குறதுக்கு என்னா நாளு?’ என்று அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள், நாளைக்குரியதை இன்றைக்கே. சிந்துஜாவையும் சரோஜாவையும் கூப்பிட்டனுப்பினோம். சுளகை வீரசிங்கத்தின் கையில் நானே கொடுத்தேன். அவன் அதை என்னிடம் நீட்டினான், நான் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ‘ஒம் புள்ளைய நீ எடுத்துக்க’ என்றேன். சிந்துஜா எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அவன் பக்கம் போய் நின்றாள். ரெண்டு எட்டுத்தான். எனக்கு அது ரொம்ப தூரமாகத் தெரிந்தது.

அப்புறம் அவள் திரும்பி வந்தாள். என் கையிலிருந்த சுளகை வாங்கினாள். நேரே சீதாவிடம் போய், ‘சீதாம்மா, மடிய பிடிங்க’ என்று முழுத் தவிட்டையும் அவள் மடியில் கொட்டிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாள். ‘இவர நான் தவிட்டுக்கு வாங்கிட்டேன். இனி இவரு எனக்குச் சொந்தம். திருப்பி வாங்கவும் யாரும் வர ஏலாது, திரும்பி வாங்கன்னு நான் அனுப்பவும் மாட்டேன்.’ சீதா கொஞ்சமாவது யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ‘இந்த ஆளுக்கு இவ்வளவு தவிடே ஜாஸ்தி’ என்று முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

‘அப்ப கல்யாணத்தன்னைக்கு நான் எங்க உக்காருறது?’ என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் கேட்டுவிட்டது. ‘வாங்கின சாமான வாங்கினவ பக்கத்துலதான வைக்கணும்? மணவறையில அப்பா அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். யுகேஷ் கிட்ட எப்பவோ சொல்லியாச்சு’ என்றாள். எப்பவோவாம்! அன்று விசாரணையில் என்னை அப்படி நிற்கவைத்தபோதே மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தவேண்டாம். தாங்கள் நிபந்தனை சொன்னது முற்றிலும் உண்மை, மறந்துவிடாதீர்கள். புது முழங்காலையும் எடுத்துக்கொண்டு தையில் வந்து சேருங்கள். திருப்பி வாங்க, திரும்பி வாங்க என்று சிந்துஜா சொன்னதைச் சீதா சிலேடை என்று பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணுக்கே ஒரு தேங்காய் தீர்ப்பளித்துவிட்டாள். கல்யாணப் பெண் கையில் காயம் பட்டுவிடக் கூடாதே என்று அவளுடையதை நான்தான் துருவிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு துருவுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், மன்னிக்கவும். கண் வேறு கலங்குகிறது. தேங்காயால் என்று சொன்னேன். ‘வெங்காயம் உரிச்சாத்தான் கண்ணு கலங்கும், தேங்கா துருவினா கலங்காது’ என்று சொல்லிச் சீதா தன் முந்தானையை நீட்டினாள். துடைத்துக்கொண்டேன், முகமெல்லாம் தவிடு.